இரண்டு பெட்டிக்கு ஒரே பகா எண்

இந்துஜாவுக்குப் பயம் என்பது பிறந்த வீட்டுச் சீதனம். அவள் அப்பா ஆத்தூரிலிருந்து மத்திய அரசு வேலைக்காக டெல்லி வந்தவர். பஸ்ஸில் ஏறினால் இறங்கும் வரை ஒரு கை கம்பியிலும் இன்னொரு கை சட்டைப் பையிலும் இருக்கும். மகள் அவரையும் தாண்டிவிட்டாள். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அவள் வீடு ஏழாவது மாடி. காலையில் இறங்கி பஸ் ஸ்டாப் வரை போவாள், கேஸை அணைத்தோமா என்று சந்தேகம் வரும், திரும்ப வந்து லிஃப்ட் ஏறிப் பார்த்துவிட்டுப் போவாள். லிஃப்ட் ஓடாத நாளில் படியேறியும் பார்த்துவிட்டுப் போவாள். மூன்றாவது மாடி கவிதா அக்கா, "என்ன இந்து, இன்னைக்கு எத்தனை ரவுண்டு?" என்று கேட்பது அந்தக் கட்டடத்தில் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது.

நாயைக் கண்டால் பயம், ஆட்டோக்காரன் பேரம் பேசினால் பயம், அலுவலகத்தில் யாராவது "ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்றால் பயம். இப்படிப்பட்டவள் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் பயமில்லாமல் பேசினாள். அதுதான் வினையாகிப் போனது.

அவளுக்குப் பயம் தராத விஷயம் ஒன்று உண்டென்றால் அது கணக்கு. மோதி பாக்கில் தமிழ் வழிப் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும்போது பகா எண்களைப் பற்றித் தெரிந்துகொண்டாள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாத எண். ஏழு, பதின்மூன்று, தொண்ணூற்றேழு. டெல்லியில் அவளைச் சுற்றி எல்லாமே மாறிக்கொண்டிருந்தது. சிநேகிதிகளின் அப்பாக்களுக்கு மாற்றல் வரும், குவார்ட்டர்ஸ் மாறும், பக்கத்து வீட்டில் புது மொழி பேசும் ஆட்கள் வருவார்கள். பதின்மூன்றை மட்டும் யாரும் எதுவும் செய்ய முடியாது. அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. சிரிப்பதானால் சிரியுங்கள், சிலருக்குச் சாமி, சிலருக்குச் சம்பளம், இவளுக்குப் பகா எண்.

கணக்கில் பட்டம் வாங்கி, கம்ப்யூட்டரும் படித்து, ஆர்.கே.புரத்தில் ஒரு வாரியத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தாள். ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மார்ச்சிலும் புதுப்பித்தால்தான் ஏப்ரலில் நாற்காலி. பயிற்சிக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுப்பதும் மறுப்பதும் அந்த வாரியத்தின் வேலை. அங்கே ஆணைகளில் பேனாவால் கையெழுத்துப் போடும் வழக்கத்தை நிறுத்தி, ஒவ்வொரு அதிகாரியின் மேஜையிலும், சோதனைக்காக இந்துஜாவின் தொழில்நுட்ப மேஜையிலும், ஒரு சின்னப் பெட்டியை வைத்தார்கள். அதிகாரி அதில் தன் கட்டைவிரலை வைத்தால் ஆணையில் அவருடைய கையெழுத்து விழும். கையெழுத்து என்றால் மை இல்லை, எண்.

ஒவ்வொரு பெட்டியும் முதல் முறை உயிர் பெறும்போது இரண்டு பெரிய பகா எண்களைத் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றும் முந்நூறு இலக்கத்துக்கு மேல். அவற்றைப் பெருக்கி வரும் அறுநூற்றுச் சொச்சம் இலக்க எண்ணை ஊருக்கே காட்டும், அது பூட்டு. பெருக்குவதற்கு முன்னால் இருந்த இரண்டு எண்களையும் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும், அது சாவி. பெருக்கலைப் பார்த்து அந்த இரண்டையும் கண்டுபிடிக்க உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் கூடி உட்கார்ந்தாலும் ஆயுசு போதாது. இதில் வேடிக்கை, ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று கண்டுபிடிப்பது சுலபம். பகா எண் இல்லை என்று தெரிந்தபின், எதை எதால் பெருக்கி வந்தது என்று சொல்வதுதான் முடியாத காரியம். அந்த அளவுக்குப் பெரிய பகா எண்கள் பிரபஞ்சத்தில் இருக்கும் அணுக்களைவிட அதிகம். குருட்டாம்போக்கில் எடுத்தால் இரண்டு பெட்டிக்கு ஒரே எண் வாய்க்கவே வாய்க்காது.

குருட்டாம்போக்கில் எடுத்தால்தான். அதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

பெட்டிகள் வந்த நாள் ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை. இயக்குநர் ராஜசேகரன் காலண்டர் பார்க்காமல் பேனா மூடியைக்கூடத் திறக்க மாட்டார். பெட்டிகளை நல்ல நேரத்தில் துவக்கி வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். பத்தரைக்கு ராகு காலம். பனிமூட்டத்தில் ரிங் ரோட்டில் மாட்டிக்கொண்ட வேன் வந்து சேரும்போது பத்து மணி தாண்டிவிட்டது. பெட்டியோடு வந்த குறிப்பில் ஒவ்வொன்றாகத் துவக்குங்கள், துவக்கியபின் சிறிது நேரம் சும்மா விட்டுவிட்டு எண்ணை உண்டாக்குங்கள் என்று எழுதியிருந்தது. இந்துஜா அதைப் படித்திருந்தாள். இயக்குநரிடம் போய், "சார், ஒண்ணொண்ணா பண்ணச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லவும் செய்தாள். ஆனால் அவள் சொல்லும் விதம் தெரிந்ததுதானே. பாதி வார்த்தை உதட்டிலேயே நின்றுவிட்டது. ராஜசேகரன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எல்லோரும் ஒன்றாக அழுத்திவிடலாம், அதுதான் மங்களகரம் என்றார்.

ஆளுக்கொரு பெட்டி முன்னால் நின்றார்கள். வாசலில் தேங்காய் உடைந்தது. "அழுத்துங்க" என்று குரல் வந்ததும் எல்லா விரல்களும் ஒன்றாக இறங்கின. கைதட்டினார்கள், பர்ஃபி கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அதற்கு முன்பே இந்துஜா தன் பங்குக்கு ஒரு நல்ல காரியம் செய்திருந்தாள்: எல்லாப் பெட்டிகளின் கடிகாரங்களையும் ஒரு நொடி பிசகாமல் ஒன்றாகத் திருத்தி வைத்திருந்தாள். நேரம் தப்பாகப் பதிவாகிவிடுமோ என்ற பயம்.

மழைக்காலத்தில் அந்த ஆணை வெளியே வந்தது. கட்டடமே இல்லாத, வெறும் பெயர்ப்பலகை மட்டும் இருந்த ஒரு கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுத்த ஆணை. வாரியம் ஏற்கெனவே நிராகரித்த கல்லூரி அது. ஆணையின் அடியில் பிரிவு அதிகாரி அன்புச்செழியனின் கையெழுத்து இருந்தது. அன்பு சார் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர்தான் மூன்றாவது மாடி கவிதா அக்காவின் வீட்டுக்காரர். சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்தவர். ஃபைலில் ஒரு பக்கம் குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அவருக்கு விரோதிகளும் உண்டு. தான் அந்த ஆணையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்றார். அவரை இடைநீக்கம் செய்தார்கள்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு பஞ்சாபி அம்மாள் வந்தார். கேள்வி கேட்கும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்பவர். இந்துஜாவைக் கூப்பிட்டு, இந்தக் கையெழுத்தை வேறு யாராவது போட்டிருக்க முடியுமா என்று ஹிந்தியில் கேட்டார். அறைக்குள் நுழையும்வரை இந்துஜா வந்த வழியே ஓடிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி பகா எண்ணைப் பற்றியது என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. முடியவே முடியாது என்றாள். அந்த எண்ணைப் பிளக்க மனிதரால் ஆகாது, ஆகவே அந்தப் பெட்டி போட்ட கையெழுத்து அது, அந்தப் பெட்டி அவர் விரலுக்குத்தான் திறக்கும் என்று தெளிவாக எடுத்துச் சொன்னாள். நாக்கு ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. வீட்டுக்கு வந்து கணவன் கௌதமனிடம் அதைப் பெருமையாகச் சொல்லி, இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். அன்பு சார் இப்படிச் செய்துவிட்டாரே என்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் எண் பொய் சொல்லாதே.

அவள் சொன்ன சொல்தான் அன்பு சாரின் கழுத்துக்குக் கயிறானது. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். பெண் பன்னிரண்டாம் வகுப்பு. கவிதா அக்கா லிஃப்டில் பார்த்தால் இப்போது எத்தனை ரவுண்டு என்று கேட்பதில்லை. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மலை மந்திர் முருகன் கோயிலில் இந்துஜா படியிறங்கும்போது கவிதா அக்கா எதிரே ஏறி வந்தாள். கவிதா அக்காவின் கண் வீங்கியிருந்தது. "அவுக முருகன் முன்னால சூடம் அடிச்சு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்காக இந்து. நீ படிச்சவ. உன் கணக்கு சொல்றதுதான் நெசம்னா, எங்க அவுக சாமிகிட்டயே பொய் சொல்றாகளா?" என்று கேட்டாள். சண்டைக்குக் கேட்டமாதிரி இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டாள்.

அந்தக் கேள்வி அவளைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. மறுநாளோ அதற்கு மறுநாளோ, வாரியத்தின் நடைவழியில் மாட்டியிருந்த துவக்க விழா போட்டோ முன்னால் நின்றாள். தினமும் பார்க்கிற போட்டோதான். எல்லோரும் சிரித்தபடி, எல்லா விரல்களும் ஒரே சமயத்தில் பெட்டியின் மேல். அவளும் கோடியில் நின்று தன் மேஜைப் பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் கிட்டே போய் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

கம்ப்யூட்டருக்குக் குருட்டாம்போக்காக எண் எடுக்கத் தெரியாது. வெளியிலிருந்து ஏதாவது வேண்டும். விரல் தட்டும் வேகம், இணையக் கம்பி வழியே வரும் இரைச்சல், ஏதாவது. இந்தப் பெட்டிகளுக்குப் பாதுகாப்புக்காக இணையக் கம்பியும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு கடிகாரம். அந்தக் கடிகாரங்களைத்தான் அவள் ஒன்றுபோல் திருத்தி வைத்திருந்தாள். அவற்றில் துளியும் முன்பின் இல்லாமல் ஒரே கணத்தில் விழித்துக்கொண்ட பெட்டிகள் ஒரே இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருந்தால், முதல் பகா எண் ஒன்றாகவே வந்திருக்கலாம். அடுத்த எண்ணை எடுப்பதற்குள் கடிகாரங்கள் கொஞ்சம் முன்பின் ஆகியிருக்கும், அது வேறாகியிருக்கும். மேலுக்குப் பார்த்தால் எல்லாப் பூட்டும் வேறு வேறாகத்தான் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனபின், பெட்டிகளின் பூட்டு எண்களை எடுத்தாள். அது ஒன்றும் ரகசியமில்லை, எல்லாப் பெட்டிகளின் பூட்டு எண்ணும் வாரியத்தின் இணையதளத்திலேயே கிடக்கிறது. இரண்டிரண்டாக எடுத்து மீப்பெரு பொதுக் காரணி கண்டுபிடிக்கச் சொன்னாள். ஆறாம் வகுப்பில் படித்த அதே கணக்கு. பெரியதைச் சிறியதால் வகு, மிச்சத்தால் சிறியதை வகு, மிச்சம் தீரும்வரை வகுத்துக்கொண்டே போ. பொதுவாக ஒன்றுமில்லையென்றால் விடை ஒன்று என்று வரும். ஒன்று என்று வந்தது. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. அவளுக்கு மூச்சு சீராக ஆரம்பித்தது. அப்புறம் ஒரு ஜோடியில் ஒன்று வரவில்லை. திரை நிறைய, முந்நூறு இலக்கத்துக்கு மேல், ஓர் எண் நீளமாக வந்து நின்றது.

அது பகா எண்தானா என்று சோதித்தாள். பகா எண்தான். அழகான, யாராலும் பிளக்க முடியாத எண், மூன்றில் முடிந்தது. அதைக் கொண்டு பூட்டு எண்ணை வகுத்தால் மற்ற பகா எண்ணும் கையில் வந்து விழும். சாவி முழுசாகக் கிடைத்துவிடும். பெட்டியும் வேண்டாம், கட்டைவிரலும் வேண்டாம்.

அந்த ஜோடியில் ஒரு பெட்டி அன்பு சாருடையது. இன்னொன்று தொழில்நுட்ப மேஜையில் இருப்பது. அதாவது அவளுடையது.

பயம் என்றால் என்ன என்று அன்றுதான் இந்துஜாவுக்குத் தெரிந்தது. அதுவரை பட்டதெல்லாம் பழக்கம். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றாள். அன்பு சார் தப்பு செய்யவில்லை. அதைச் சொன்னால் அவர் தப்பிப்பார். சொன்ன அடுத்த நிமிஷம் எல்லோரும் கேட்கப்போகும் கேள்வி அவளுக்கு இப்போதே காதில் விழுந்தது: அந்தப் பொது எண் யாருடைய பெட்டியில் இருந்தது? இந்தக் கணக்கு இங்கே யாருக்குத் தெரியும்? உண்மையில் இணையதளத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவனும் எங்கிருந்தும் செய்திருக்கலாம். ஆனால் அந்த எவனுக்கு முகம் கிடையாது. அவளுக்கு இருக்கிறது.

கௌதமனிடம் சொன்னாள். அவனும் மத்திய அரசில்தான் இருந்தான், பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வரும் சமயம். முதலில் அவனுக்குப் புரியவில்லை. "கௌதம், சுனோ, இதைக் கேளு, தொண்ணூத்தி ஒண்ணு ஒரு பூட்டு, நூத்திப் பத்தொம்பது ஒரு பூட்டு. தனித்தனியா உடைக்கத் தெரியலைன்னு வச்சுக்கோ. நூத்திப் பத்தொம்பதுல தொண்ணூத்தி ஒண்ணு போனா இருபத்தெட்டு. தொண்ணூத்தி ஒண்ணை இருபத்தெட்டால வகுத்தா மிச்சம் ஏழு. இருபத்தெட்டு ஏழால முழுசாப் போயிடும். அவ்வளவுதான், ரெண்டுலயும் ஏழு இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பூட்டும் உடைஞ்சுபோச்சு" என்றாள். கௌதமன் மொபைலில் தட்டிப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று கேட்டான். பிறகு எழுந்துபோய் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். அவன் அப்படிக் கதவைச் சாத்தியதுதான் இந்துஜாவை மேலும் கலக்கியது. ஆழம் தெரியாமல் காலை விடாதே, விசாரணை அதன் வழியில் போகட்டும், ஆண்டவன் இருக்கிறான் என்றான். ஆண்டவன் இருப்பதெல்லாம் அடுத்த வீட்டுக்காரன் விஷயத்தில்தான் நமக்கு நினைவுக்கு வரும்.

அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கட்டடத்தின் கேட்டில் போலீஸ் ஜீப் நின்ற ஒரு காலை, லிஃப்டில் ஏறாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். யாருடைய காரையோ பற்றி விசாரிக்க வந்த ஜீப் அது. அலுவலகத்தில் தன் மேஜைப் பெட்டியைத் தொடவே பிடிக்கவில்லை. போன் மணி அடித்தால் எடுக்காமல் விட்டாள். சில நாள் அவளுக்கே சந்தேகம் வந்தது: ஏதோ சோதனை செய்து பார்க்கும்போது நானே அறியாமல் செய்துவிட்டேனோ? இல்லை என்று தெரியும். தெரிந்தும் பயந்தாள். காலையில் கேஸைப் பார்க்க மூன்று முறை ஏறிவந்தாள்.

இயக்குநரிடமாவது சொல்லிவிடலாம் என்று ஒருநாள் துணிந்து போனாள். ராஜசேகரன் முழுவதையும் கேட்டார். முட்டாள் மனிதர் இல்லை. நல்ல நேரம், தேங்காய், எல்லோரும் ஒன்றாக அழுத்தியது என்று அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது. கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, உன் பெட்டியும் அவர் பெட்டியும்தான் சேருதுன்னு நீயே சொல்ற. ஊர் யாரைம்மா பாக்கும்? மார்ச் மாசம் வேற வருது. நான் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து மலை மந்திர் விபூதிப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். பொட்டலம் வியர்வையில் நனைந்துபோயிற்று.

விசாரணையின் கடைசி அமர்வு தீபாவளி கழிந்து, புகை மூட்டத்தில் கண் எரிந்துகொண்டிருந்த ஒரு நாள். இந்துஜாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் சொல்ல வேண்டியதை முன்னமே சொல்லியாகிவிட்டது, காகிதத்தில் ஏறியாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். தண்ணீர் பிடிக்கப் போகிறவள்போல நடைவழியில் வந்தாள். அறைக்கு வெளியே பெஞ்சில் அன்பு சார் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்துப் பொத்தானும் போட்டிருந்தார். உடம்பு இளைத்துச் சட்டை தொளதொளவென்று இருந்தது. அவளைப் பார்த்ததும் வழக்கம்போல எழுந்திருக்கப் போனார், பிறகு உட்கார்ந்துகொண்டார்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காதம்மா. உனக்குத் தெரிஞ்சதைச் சொன்ன. கணக்கு அப்படி இருந்தா நீ என்ன பண்ணுவ?" என்றார்.

திட்டியிருந்தால் அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியிருப்பாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர் அப்படிச் சொன்னதும் அவளால் நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. பாட்டிலை பெஞ்சின் மேல் வைத்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அனுமதி கேட்கக்கூட மறந்துபோனாள்.

உள்ளே ராஜசேகரனும் இருந்தார். பஞ்சாபி அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். இந்துஜாவின் வாயிலிருந்து ஹிந்தியும் தமிழும் ஆங்கிலமும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வெளியே வந்தன. முன்பு சொன்னது தப்பு என்றாள். எண்ணைப் பிளக்க முடியாது என்பது சரி, ஆனால் இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிளக்கலாம் என்றாள். அந்த அம்மாளின் மேஜைக் கம்ப்யூட்டரிலேயே இரண்டு பூட்டு எண்களையும் எடுத்துப் போட்டுக் காட்டினாள். கண் மூடித் திறப்பதற்குள் பொது எண் வந்து நின்றது. அந்த எண்ணால் அன்பு சாரின் பூட்டு எண்ணை வகுத்தாள், மிச்சம் பூஜ்யம். அந்த அம்மாள் மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் பூஜ்யம்தான். ராஜசேகரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை யார் வேண்டுமானாலும் செய்திருக்க முடியுமா என்று அந்த அம்மாள் கேட்டார். முடியும், இரண்டு எண்ணும் எல்லோருக்கும் தெரியும்படிதான் இருக்கிறது என்றாள். அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். அப்படியானால் முதலில் யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை நாள் செத்துப் பிழைத்திருந்தாள்.

"பஹ்லே மை, மேடம்" என்றாள். முதலில் என்னைத்தான்.

அன்பு சாரை மறுபடி வேலையில் சேர்த்தார்கள். பெட்டிகளையெல்லாம் சீல் வைத்து எடுத்துப் போனார்கள். புதுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக, நல்ல நேரம் பார்க்காமல் துவக்கப்பட்டன. இந்துஜாவின் பெட்டியோடு அவள் மேஜைக் கம்ப்யூட்டரும் மொபைலும் போயின. அவளை வேலைக்கு வர வேண்டாம், தேவைப்பட்டால் கூப்பிடுகிறோம் என்றார்கள். இரண்டு முறை கூப்பிட்டார்கள். அந்த ஆணையைப் போட்டது யார் என்று இதுவரை தெரியவில்லை. கௌதமன் அவளைத் திட்டவில்லை, ஆனால் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஓர் எண் பகா எண் என்று நிரூபிக்க வழி இருக்கிறது. நான் செய்யவில்லை என்று நிரூபிக்க ஒரு வழியும் இல்லை. அவள் பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அன்பு சார் கீழே எதிரில் வந்தபோது தலையை மட்டும் அசைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார். அவர் கண்ணிலும் அந்தக் கேள்வி இருந்ததாக அவளுக்குத் தோன்றியது. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது.

ஒரு முற்பகலில் அழைப்பு மணி அடித்தது. கதவுத் துளை வழியாகப் பார்த்தாள். கவிதா அக்கா. திறக்கலாமா என்று யோசித்து, திறந்தாள்.

கவிதா அக்கா உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்து, காப்பி போடச் சொன்னாள். டம்ளரைக் கையில் வாங்கியபின்தான் இந்துஜா கேட்டாள். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள்.

"அக்கா, சாருக்கு என் மேல டவுட் இருக்கா?"

"அவுகளுக்கு இருக்கு. ஏன் பொய் சொல்லணும்?" என்றாள் கவிதா அக்கா. "எனக்கு இல்ல."

"எப்படிக்கா? நான் செய்யலைன்னு என்கிட்ட ப்ரூஃபே இல்லையே."

கவிதா அக்கா காப்பியை ஆற்றினாள். "கேஸை அணைச்சோமான்னு ஏழு மாடி திரும்பி ஏறி வர்றவ நீ. அடுத்தவுக கையெழுத்தைத் திருட்டுத்தனமாப் போட்டிருந்தா உன் மூஞ்சி காட்டிக் கொடுத்திருக்காது? நான் தெனம் லிஃப்டுல உன்னைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் இந்து. இப்பத்தான் நீ தூங்காம கெடக்க. எங்க அவுகளை சஸ்பெண்ட் பண்ணுனாகளே, அப்ப நீ நல்லாத்தான் தூங்குன."

இந்துஜாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கவிதா அக்கா காப்பியைக் குடித்து முடித்தாள், டம்ளரைத் தானே சமையலறையில் கொண்டுபோய் வைத்தாள், கேஸ் அணைந்திருக்கிறது என்று அங்கிருந்தே குரல் கொடுத்துவிட்டு வெளியே போனாள். இந்துஜா கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு சமையலறைக்குப் போய் அடுப்பின் முன்னால் நின்று, கேஸ் அணைந்துதான் இருக்கிறது என்று தானும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.